சிவப்புத் தொப்பியும் தலைப்பாகையும்

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் நிலையை விட்டு நகரும்போது வடம் பிடித்து இழுத்துத் தொடங்கி வைப்பவர் ஆளுநர். பிரெஞ்சு கவர்னர்கள் பிடித்த வடம் அது. இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். மதத்தையும் அரசையும் 1905இல் சட்டம் போட்டுப் பிரித்த ஒரு குடியரசின் பிரதிநிதி, கடல்கடந்து வந்து கோகிலாம்பிகையின் ஊரில் தேர் இழுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். தேரைச் சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்புக் கெப்பித் தொப்பி அணிந்த காவலர்கள் பந்தோபஸ்து நிற்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் என்னருகே நின்ற நண்பர் ஒருவர் (கவிஞர், நல்ல வாசகர், ஆகவே பெயர் வேண்டாம்) அவர்களைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "பாருங்கள், தொப்பியைப் போட்டதும் எல்லோரும் ஒன்று. சாதி இல்லை, மதம் இல்லை. சீருடையின் அழகே இதுதான்."

பேச்சு வந்த காரணம் வேறு. பிரிட்டனில் சீக்கியக் காவலர்கள் தமக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, காவல்துறைக்குள் தம் சமூகத்தாருக்கு இடம் கேட்டு உழைப்பதைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "காவலனுக்கு எதற்கய்யா மதச் சங்கம்?" என்பது நண்பரின் கேள்வி. அன்று தேர்ச் சத்தத்தில் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவருடைய கருத்து அவருடையது மட்டுமன்று. நம் இலக்கியக் கூட்டங்களில் முற்போக்கின் பெயராலேயே திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது அது. எனவே பதிலும் அவருக்கு மட்டுமானதன்று.

முதலில் அந்தத் தொப்பி. அது எல்லோருக்கும் பொதுவான, நிறமற்ற ஒரு பொருளா? பிரெஞ்சுப் படையினரும் ஜாந்தார்ம்களும் அணிந்த கெப்பி அது. 1954 அக்டோபர் 18 அன்று, இதே வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். எட்டுப் பேர் மறுத்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் மாறியது. கவர்னர் போனார், கொடி போனது, தொப்பி மட்டும் தங்கிவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் அதோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் வரலாற்றுச் சுமையைத் தலையில் ஏந்தி நிற்பவனைக் காட்டி "இதுதான் நடுநிலை" என்று சொல்வதும், தன் வரலாற்றைத் தலையில் கட்டிக்கொண்டு வருபவனைப் பார்த்து "நீ நடுநிலையைக் கெடுக்கிறாய்" என்று சொல்வதும் எப்படிப் பொருந்தும்? நெடுநாள் பழகிய அடையாளத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பொதுமை. அவ்வளவுதான்.

கனடாவில் இந்த வழக்கு அச்சாக நடந்தது. மலேசியாவில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த பல்தேஜ் சிங் தில்லான் அந்நாட்டின் மத்தியக் குதிரைப்படைக் காவலில் சேர விரும்பியபோது, தகுதியெல்லாம் இருந்தது; தலைப்பாகைதான் இடித்தது. அகன்ற விளிம்புத் தொப்பி இல்லாத குதிரைக் காவலரா, தேசத்தின் அடையாளமே போய்விடும் என்று சுமார் இரண்டு லட்சம் பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். 1990 மார்ச்சில் அரசு தலைப்பாகையை அனுமதித்தது. தேசம் போய்விடவில்லை. தில்லான் பணிபுரிந்து ஓய்வும் பெற்று, 2025இல் அந்நாட்டு மேலவையின் உறுப்பினராகவும் ஆகிவிட்டார்.

பிரிட்டனின் கதை இன்னும் நுணுக்கமானது. ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1993இல் கொல்லப்பட்டதைக் காவல்துறை விசாரித்த அழகை ஆராய்ந்த மெக்பர்சன் அறிக்கை, 1999இல் லண்டன் காவல்துறையில் இனவாதம் அமைப்பிலேயே ஊறியிருப்பதாகச் சொன்னது. தனி மனிதர் கெட்டவர் என்பதல்ல, வழக்கமே கெட்டது என்பது அதன் சாரம். சீக்கியக் காவலர் சங்கம் போன்றவற்றை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிகாரிகள் மட்டுமல்ல, அலுவலக ஊழியர்களும் அதில் உண்டு. அவர்கள் கோயில் கட்டுவதற்காகக் கூடவில்லை. தலைப்பாகைக்குப் பொருந்தும் பாதுகாப்புக் கருவி எது, பதவி உயர்வில் ஏன் நம்மவர் தேங்குகிறார்கள், அவமதிக்கப்பட்டவர் யாரிடம் போவது, குருத்வாராவுக்கு வெளியே நிற்கும் இளைஞனைத் தேர்வு எழுதவைப்பது எப்படி என்பன போன்ற நடைமுறைக் கேள்விகளுக்காகக் கூடுகிறார்கள். முக்கியமான சொல் "கூடுகிறார்கள்" என்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

"சீக்கியருக்கு நம் நாட்டில் இந்தச் சிக்கலே இல்லையே" என்பார்கள். உண்மை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவின் விளக்கமே கிர்பான் அணிவதைச் சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதன் பகுதியாக ஏற்கிறது. ஆனால் அந்தக் கதவு மற்றவர்களுக்கு எப்படித் திறக்கிறது? தாடி வைத்திருந்ததற்காக விமானப்படையிலிருந்து நீக்கப்பட்ட முஸ்லிம் வீரரின் வழக்கில், 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கத்தை உறுதிசெய்தது. முடி மழிப்பதை மதமே தடுக்கிறது என்று நிறுவியவருக்கு மட்டுமே விலக்கு. எட்டாண்டு கழித்து, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேறு திசையில் நடந்தது. மெக்காவிலிருந்து தாடியோடு திரும்பிய மதுரைக் காவலர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை அது ரத்து செய்தது. நீதிமன்றம் எடுத்துக்காட்டிய ஆதாரங்களில் ஒன்று, முஸ்லிம் காவலர்கள் ஒழுங்குபடுத்திய தாடியோடு பணியாற்றலாம் என்ற 1957ஆம் ஆண்டின் சென்னைக் காவல்துறை அறிவிக்கை. அறுபதாண்டுகளுக்கும் மேலாக ஏட்டில் இருந்த உரிமை. அதைத் தன் மேலதிகாரிக்கு நினைவூட்ட ஒரு காவலர் தனியாளாக உயர் நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்திருந்தால் அது ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும்.

இங்கே சற்றுப் பின்னால் போக விரும்புகிறேன், 1881ஆம் ஆண்டுக்கு. அந்த ஆண்டு பிரிட்டிஷார் பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைக் கொண்டுவந்து சிங்கப்பூரில் தனிக் காவல் பிரிவொன்றை அமைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு புதுச்சேரிக்கு ஓர் ஆணை பிறப்பித்தது: தன் சாதி வழக்கத்தையும் மத வழக்கத்தையும் ஒட்டிய தனிச் சட்ட நிலையைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்பவர் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் முழுக் குடிமகன். இவர்களைத்தான் ரெனோன்சான், அதாவது துறந்தவர் என்றார்கள். துறந்தவர்களில் பலர் சைகோனுக்குக் கப்பலேறிக் காவலராகவும், சிறைக் காப்பாளராகவும், அலுவலக எழுத்தராகவும் பணியாற்றினார்கள். இரண்டு பேரரசுகளும் செய்தது ஒரே வேலை: அந்நியனை ஆள இன்னொரு அந்நியனைக் கூலிக்கு அமர்த்தியது. ஆனால் பேரம் நேர் எதிரானது. சீக்கியனிடம், உன் தலைப்பாகையைக் கட்டாயம் கட்டிக்கொள், நீ போர்க்குடி என்றான் ஆங்கிலேயன். தமிழனிடம், உன்னுடையதைக் கழற்றிவிட்டு வா, நீ எங்களில் ஒருவன் என்றான் பிரெஞ்சுக்காரன்.

துறந்தவர்களின் முன்னோடி பொன்னுத்தம்பி. வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பிய பாணியில் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றம் சென்றதற்காக வெளியேற்றப்பட்டவர். இந்தியன் என்றால் வெறுங்காலோடு அல்லது நாட்டுச் செருப்போடு வா என்பதே அங்கே மரபு. பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். பின்னர் துறவு ஆணை வந்தபோது அவர் சூடிக்கொண்ட குடும்பப் பெயர் லப்போர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள். தலைப்பாகைக்காகத் தில்லான் வாதாடியதற்கு நூறாண்டுக்கு முன்பே, உடைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஒரு சோடிக் காலணியைக் கொண்டு வாதாடி வென்ற ஊர் இது. நம் பாடப் புத்தகங்களில் அவரை நான் கண்டதில்லை.

துறவு எல்லோருக்கும் இழப்பாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியாரில் பலர் ஆர்வத்தோடு துறந்தார்கள். துறப்பதற்கு அவர்களிடம் இருந்தது ஓர் இழிவு. அதைத் துறக்க எவன் தயங்குவான்? சீக்கியர் தம் அடையாளத்தை வைத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்டார்கள். சேரியிலிருந்து வந்தவர் தம்மேல் சுமத்தப்பட்ட அடையாளத்தை இறக்கிவைக்கும் உரிமையைக் கேட்டார். சீருடை எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்ற நண்பரின் வாக்கு, உண்மையில் இந்த இரண்டாமவருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி. அது நிறைவேறியதா என்பதுதான் கேள்வி.

பாகூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரை எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் மாலை நடைக்கு வருபவர். ஒதுக்கீட்டில் பணியில் சேர்ந்தவர். எந்த நிலையம் என்பது வேண்டாம். சேரியில் ஒரு தகவல் வேண்டுமென்றால் அவரை அனுப்புவார்களாம். ஊர்த்தெருவில் பஞ்சாயத்துப் பேச வேண்டுமென்றால் வேறொருவர் போவார். கோயில் திருவிழாவில் தகராறு வரும் என்று தெரிந்தால் அவரைப் பாராவில் நிறுத்திவிட்டுப் போவார்கள். "உன் நன்மைக்குத்தான்" என்பார்களாம். நிலையத்தில் ரைட்டர் வேலை அவருக்கு ஒரு நாளும் வரவில்லை. அவர் இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை, கதையாகச் சொன்னார். ஒரு வாக்கியம் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது: "தொப்பி தலையில இருக்கிற வரைக்கும் ஐயா. கழட்டி மேசை மேல வெச்சா பழைய பேரு."

ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "யாருக்கு?" என்றார்.

அந்த "யாருக்கு?" என்பதற்குச் சட்டம் ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம். அனுமதியின்றிக் காவலர் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது. வேறு அமைப்பு என்றால் அது படையின் பகுதியாக ஏற்கப்பட்டதாகவோ, முற்றிலும் சமூகம், பொழுதுபோக்கு, மதம் சார்ந்ததாகவோ இருக்க வேண்டும். இந்த வாசகத்தின் விந்தையைக் கவனியுங்கள். காவலர்கள் கூடிப் பஜனை நடத்தலாம், கேரம் ஆடலாம். ரைட்டர் வேலை எனக்கு ஏன் வரவில்லை என்று கூடிக் கேட்கத்தான் அனுமதி வேண்டும். மதச் சங்கம் எதற்கு என்று நண்பர் கேட்டார். நம் சட்டமோ மதச் சங்கத்தை மட்டும்தான் தாராளமாக விடுகிறது! மேலே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் உண்டு.

1979இல் காவலர் கிளர்ச்சி தொடங்கியது பஞ்சாபில்தான். அங்கிருந்து பல மாநிலங்களுக்குப் பரவித் தமிழ்நாட்டையும் எட்டியது. கேட்டவை பெரியவை அல்ல: ஊதியம், ஓய்வு, அதிகாரி வீட்டில் துணி துவைக்காமல் இருக்கும் உரிமை. ஆர்டர்லி முறையை ஒழித்துத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டே ஆணையிட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதே முறையை ஒழிக்கச் சொல்லி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆணை இருந்தது, அதை நினைவூட்டக் கூடிப் பேசும் வாய் இல்லை. கூடிப் பேசினால் ஒழுங்கு குலையும் என்பவர்கள் மாஹேவுக்குப் போய்ப் பார்க்கலாம். புதுச்சேரிக் காவல்துறையின் எல்லை அங்கே மய்யழி ஆற்றுப் பாலத்தில் முடிகிறது. அக்கரையில் கேரளம். அங்கே காவலர்களுக்கு ஏற்பு பெற்ற சங்கம் நெடுங்காலமாக உண்டு. கேரளத்தில் ஒழுங்கு குலைந்து கடலுக்குள் விழுந்துவிடவில்லை.

இனி இதற்கு எதிரான வலுவான வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். நண்பருக்கு அது தோன்றவில்லை. பஞ்சாப் காவல்துறையில் தலைப்பாகைக்குப் பஞ்சமில்லை. அதன் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில் சீக்கியர். ஆயினும் அந்தத் துறைதான் எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் சீக்கிய இளைஞர்களைக் காணாமற்போகச் செய்தது. ரகசியமாக எரிக்கப்பட்ட உடல்களின் கணக்கை மயானப் பதிவேடுகளிலிருந்து தோண்டியெடுத்த ஜஸ்வந்த் சிங் கால்ரா 1995இல் கடத்திக் கொல்லப்பட்டார். அதற்காகப் பஞ்சாப் காவலர்கள் 2005இல் தண்டிக்கப்பட்டார்கள். நம்மவன் உள்ளே இருந்தால் நீதி வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தனித்தனியாக உள்ளே வருபவனை அமைப்பு தன் சாயலுக்கு வார்த்துவிடும். விதிவிலக்கான நல்லவனைக்கூட. அதனால்தான் தலைகளை எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது என்கிறேன். உள்ளே வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்து, கூடி, கேள்வி கேட்கும் இடம் இல்லாவிட்டால் ஒதுக்கீடு நுழைவுச் சீட்டாகவே நின்றுவிடும்.

எண்ணிக்கையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதுச்சேரியில் பட்டியல் பழங்குடியினர் பூஜ்யம். வில்லியனூர், பாகூர் வயல்வெளிகளின் ஓரத்தில் எலிவளை தோண்டியும் மீன் பிடித்தும் வாழும் இருளர்கள் அந்தப் பூஜ்யத்துக்குள் இருக்கிறார்கள். புதுச்சேரி அரசு பிற்படுத்தப்பட்ட பழங்குடி என்று ஒரு பிரிவை வகுத்து 0.5 விழுக்காடு வைத்தது. அரை விழுக்காடு! அவர்களுக்குக் காவல் நிலையம் என்பது ஊரில் ஏதாவது களவு போனால் அழைத்துச் செல்லப்படும் இடம். பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993இல் ராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டதை 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்துக்குப் பிறகு எல்லோரும் அறிவோம். படத்தில் அவர் இருளர், உண்மையில் குறவர். நாமெல்லாம் கண்ணீர் விட்டோம். அந்த நிலையத்தின் மேசைக்குப் பின்னால் அவருடைய மொழியும் முகமும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனை பேர் கேட்டோம்? பஞ்சாபை வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஆகியிருக்காமலும் போகலாம். அப்படி ஒருவர் உட்கார்வதை நாம் கற்பனைகூடச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் பங்கில்லை என்று தப்பிக்க முடியாது. தமிழ்ப் பெண்களில் முதல் ஐ.பி.எஸ். அதிகாரியான திலகவதி 2005இல் 'கல்மரம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "காவல்துறையில் இருந்துகொண்டு எழுதுகிறாரே" என்ற வியப்பைக் கேட்டிருக்கிறேன். பெண்ணாக அந்தத் துறைக்குள் இருப்பது எப்படி என்று அவரிடம் கேட்டவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் பெண்கள் காவலராகச் சேர்ந்தது 1973இல். ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல். பிரித்திகா யாசினி உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்குக் கட்டமே இல்லை. ஒவ்வொரு படிக்கும் நீதிமன்றம் போய், 2015 நவம்பரில் தீர்ப்பு பெற்று, 2017இல் பணியில் அமர்ந்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாக நடந்த பாதை. நம் சிறுகதைகளில் வரும் காவலரோ இன்றும் ஒன்று லத்தி, இல்லையேல் லஞ்சம். லத்திக்கு ஒரு சேரி உண்டு, பழைய பெயர் உண்டு என்று எழுதிய கதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் கேட்பது இதுதான்: 1966 சட்டமே இடம் தருகிறபடி, பட்டியல் சாதிக் காவலர்களும், பெண் காவலர்களும், திருநர் காவலர்களும் தமக்குள் கூடிப் பேசும் அமைப்புகளுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தரட்டும். வேலைநிறுத்த உரிமை வேண்டாம். பேசும் உரிமை போதும். நிலையவாரியாக, பதவிவாரியாக, யார் ரைட்டர், யார் பாரா, யார் ஆய்வாளர் என்ற கணக்கை வெளியிடட்டும். ஐந்து கிராம கொம்யூன்கள்தானே, ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம்.

2024 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தில், சந்தேஷ்காளிக்குப் போகும் வழியில் ஆர்ப்பாட்டக்காரர்களைத் தடுத்து நின்ற தலைப்பாகை அணிந்த ஐ.பி.எஸ். அதிகாரியைப் பார்த்து யாரோ "காலிஸ்தானி" என்றார்கள். அவர் திரும்பி நின்று, தலைப்பாகை கட்டியிருப்பதாலா இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேமராவுக்கு முன்னாலேயே கேட்டார். நாடு முழுக்கப் பார்த்தது. குருத்வாராக்களிலிருந்து கண்டனம் வந்தது. மாநில அரசு அவர் பக்கம் நின்றது.

அந்தக் காட்சியை என் கைப்பேசியில் பாகூர் ஏட்டுக்குக் காட்டினேன். முழுவதையும் பார்த்தார். "அவருக்குத் தலையில இருக்கு, காட்டிக் கேட்கிறாரு" என்றார். பிறகு கரையில் நாரை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.